அடுத்தடுத்து நான்கு 'பி'

ஓஎம்ஆர் தாளில் 41, 42, 43 மூன்றுக்கும் 'பி' வட்டத்தைக் கருப்பாக்கியாயிற்று. 44-ஐப் படித்தால் அதற்கும் 'பி'தான் விடையாகத் தெரிகிறது. இந்த இடத்தில் பலருக்குக் கை நின்றுவிடும். நாலு 'பி' எப்படி வரிசையாக வரும், முன்னால் எதையோ தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று திரும்பிப் போய்ப் பார்ப்பார்கள். தெரிந்த விடையை விட்டுவிட்டு 'சி'யை நிரப்பி வந்தவர்களும் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு தெரிவுகள், சரியான விடை எந்த எழுத்தில் விழுகிறது என்பது முழுக்கக் குலுக்கல். அடுத்தடுத்த நான்கு வினாக்களை ஒரு கூட்டாக எடுத்தால் நூறு வினாவில் 97 கூட்டுகள் கிடைக்கும். ஒரு கூட்டில் நான்குக்கும் ஒரே எழுத்து அமைய 64-இல் ஒரு வாய்ப்பு. ஆகச் சராசரியாக ஒரு தாளில் இப்படி ஒன்றரைக் கூட்டு அமையும். இந்தக் கூட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும் வரும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஒழுங்காகக் குலுக்கிய மூன்று தாள்களில் ஏறக்குறைய இரண்டில் நாலு 'பி'யோ நாலு 'டி'யோ எங்காவது உட்கார்ந்திருக்கும்.

மனிதர் கையால் விடைக்குறிப்பு தயாரித்தால் அப்படி நேராது. மூன்றாவது 'பி' வந்ததுமே ஆசிரியர் நான்காவதை இடம் மாற்றிவிடுவார். விடையை முதலிலேயே போட்டால் பையன் உடனே கண்டுபிடித்துவிடுவான் என்று 'ஏ'யைத் தவிர்ப்பார். கடைசியில் போடவும் மனம் வராது. இஸ்ரேலைச் சேர்ந்த மாயா பார்-ஹில்லெல், யிகால் அட்டாலி ஆகிய இரு ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் பேசுகிறது. வினா எழுதுபவர்கள் சரியான விடையை நடுத் தெரிவுகளில் ஒளித்து வைக்கிறார்கள். விடை தெரியாமல் ஊகிப்பவர்களும் நடுவிலேயே தேடுகிறார்கள். ஓரத்துக்கு அஞ்சுவதில் இரு தரப்பும் ஒன்று.

இதே இருவர் ஓராண்டு முன்னதாக, 2002-இல், இன்னும் சுவையான ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். அமெரிக்காவின் எஸ்ஏடி தேர்வை நடத்தியவர்கள் விடைக்குறிப்பைக் குலுக்கவில்லை, சமன் செய்தார்கள். எல்லா எழுத்தும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் வரும்படி பார்த்துக்கொண்டார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அது தடயம் விட்டுச் செல்கிறது. தெரிந்த வினாக்களுக்கெல்லாம் விடை போட்ட பிறகு எந்த எழுத்து குறைவாக வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, தெரியாதவற்றுக்கெல்லாம் அதையே போட்டால் சும்மா ஊகிப்பதைவிட லாபம். 1600 மதிப்பெண் தேர்வில் சராசரியாக 10 முதல் 16 மதிப்பெண்வரை இப்படிக் கூடுதலாக எடுக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். சமன் செய்வதை விடுங்கள், குலுக்குங்கள் என்பதே அவர்கள் தேர்வு நடத்துவோருக்குச் சொன்னது.

இந்தக் குலுக்கலைச் செய்யும் வினாத்தாள் மென்பொருளுக்கு இரண்டு வேலைகள். வினா வங்கியிலிருந்து வினாக்களைப் பொறுக்கி எடுப்பது ஒன்று, எடுத்தவற்றைக் கலைத்து அடுக்குவது மற்றொன்று. முதல் வேலைக்குக் கறாரான விதிகள் வேண்டும். இரண்டாவதில் விதியே இருக்கக் கூடாது, 'அழகாக இல்லையே' என்ற எண்ணம் அறவே கூடாது. இரண்டின் குணமும் நேரெதிர். ஒன்றின் குணம் மற்றொன்றுக்குள் புகுந்த இடங்களில்தான் கோளாறுகள் பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

கலைப்பதிலிருந்தே தொடங்கலாம், பார்க்க எளிதாகத் தெரிவதும் அதிகம் சறுக்குவதும் அதுதான்.

சரியான வழி 1938-லேயே அச்சில் வந்துவிட்டது. புள்ளியியலர்கள் ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் ஆராய்ச்சியாளர்களுக்காக வெளியிட்ட அட்டவணை நூலில் பென்சிலும் காகிதமும் கொண்டு செய்யும் முறையாக அது இருக்கிறது. எண்களை வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். மிச்சமிருப்பவற்றிலிருந்து ஒன்றைச் சமவாய்ப்பு எண்ணைக் கொண்டு தேர்ந்து, அடித்துவிட்டு, தனியே எழுதிவைக்க வேண்டும். எல்லாம் தீரும்வரை இதையே செய்ய வேண்டும். 1964-இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் இதைக் கணினிக்கு ஏற்றபடி சுருக்கினார்: கடைசி இடத்தில் இருப்பதை, தன்னையும் சேர்த்து உள்ளவற்றில் ஏதோ ஒன்றுடன் இடம் மாற்று, பிறகு அந்த இடத்தைத் தொடாதே, ஒன்று குறைந்த வரிசையில் மீண்டும் செய். நாலைந்து வரி நிரல். ஐந்து வினாக்கள் என்றால் முதல் தடவை ஐந்து வழி, அடுத்து நான்கு, மூன்று, இரண்டு. மொத்தம் 120 வழிகள், 120 வரிசைகள், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே ஒரு வழி. யாருக்கும் சலுகை இல்லை.

இந்த நாலைந்து வரியில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் போதும், கெட்டுவிடும். ஒவ்வொரு தடவையும் மிச்சமிருப்பவற்றில் ஒன்று என்பதற்குப் பதில், மொத்தத்தில் ஏதோ ஒன்று என்று எழுதிவிடுவது பலரும் செய்வது. இன்னும் நன்றாகக் கலையும் என்றுகூடத் தோன்றும். மூன்று வினாக்களுக்கு இதைச் செய்தால் 3×3×3, ஆக 27 வழிகள். ஆனால் வரிசைகளோ ஆறுதான். 27-ஐ ஆறால் மீதமின்றி வகுக்க முடியாது, ஆகவே எப்படியும் ஓரவஞ்சனை நடந்தே தீரும். மூன்று வரிசைகளுக்கு ஐந்தைந்து வழிகளும் மற்ற மூன்றுக்கு நான்கு நான்கு வழிகளும் போகின்றன. குலுக்கிய தாளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது கண்ணுக்குத் தெரியாது. வகுத்தல் கணக்கு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

இதைவிட மோசமான குறுக்குவழி ஒன்று இருக்கிறது. கணினியிடம் இருக்கும் வரிசைப்படுத்தும் கட்டளையையே கூப்பிட்டு, 'இந்த இரண்டில் எது முன்னால்?' என்று அது கேட்கும்போதெல்லாம் வாய்க்கு வந்த பதிலைச் சொல்வது. ஒரே வரியில் முடிந்துவிடும் என்பதால் நிரலாளர்களுக்கு இதில் ஒரு மயக்கம். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வற்புறுத்தலால் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் பயனர்களுக்கு ஒரு தெரிவுத் திரையைக் காட்டியது. ஐந்து பிரவுசர்கள், யாருக்கும் சாதகமில்லாமல் கலைத்துக் காட்டப்பட வேண்டும். கலைத்தது இந்தக் குறுக்குவழியில்தான். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அந்தத் திரையைத் திறந்தால், ஐந்தில் ஒரு பங்கு வர வேண்டிய கடைசி இடத்துக்கு மைக்ரோசாஃப்டின் சொந்த பிரவுசரே ஏறக்குறைய பாதித் தடவை வந்தது. சதி என்று சொல்ல இடமில்லை. சதி செய்பவர்கள் தம் சரக்கைக் கடைசியில் வைக்க மாட்டார்கள்.

இதே குறுக்குவழியை ஒரு தேர்வு மென்பொருளில் வைத்துப் பார்ப்போம். வங்கியில் சரியான விடையை எப்போதும் முதல் தெரிவாக எழுதிவைத்துவிட்டு, கலைப்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது பரவலான பழக்கம். சிறிய பட்டியல்களைக் கணினி பெரும்பாலும் செருகு முறையில் வரிசைப்படுத்தும். அதாவது ஒவ்வொன்றையும் இடப்பக்கத்து ஆளோடு ஒப்பிட்டு நகர்த்திக்கொண்டே போகும். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் பாதிக்குப் பாதி பொய்ப் பதில் சொன்னால், முதலில் இருந்த சரியான விடை கடைசியில் எங்கே போய் நிற்கும்? உட்கார்ந்து கணக்கிட்டால் 64 வினாக்களுக்கு 'ஏ'யில் 21, 'பி'யில் 21, 'சி'யில் 14, 'டி'யில் வெறும் 8 என்று வருகிறது. எதுவும் படிக்காமல் வந்து எல்லாவற்றுக்கும் 'ஏ' போடுபவருக்கு நான்கில் ஒன்றுக்குப் பதில் மூன்றில் ஒன்று கிடைக்கும். கண்காணிப்பாளர், கேமரா, உடல் சோதனை எல்லாவற்றையும் தாண்டி ஒரு வரி நிரல் விடையைக் கசியவிடுகிறது.

குலுக்கும் முறை சரியாக இருந்தாலும், கணினிக்குக் குலுக்கத் தெரியாது என்ற சங்கடம் மிச்சமிருக்கிறது. அது ஒரு தொடக்க எண்ணை எடுத்துப் பெருக்கி, கூட்டி, வெட்டி, சமவாய்ப்பு போலத் தோன்றும் எண்களை வரிசையாகத் தயாரிக்கிறது. தொடக்க எண்ணை விதை என்பார்கள். அதே விதையைக் கொடுத்தால் அதே வரிசைதான் முளைக்கும். விதை 32 பிட் என்றால் மொத்தம் 429 கோடி விதைகளே உண்டு. ஆனால் 13 வினாக்களை 622 கோடி விதமாக அடுக்கலாம். ஆகவே 13 வினாத் தாளிலேயே பல வரிசைகள் எந்தக் காலத்திலும் யாருக்கும் வராது. அது பாதகமில்லை, தேர்வு எழுதுவது சில லட்சம் பேர்தான். விதையை ஊகிக்க முடியுமா என்பதே முக்கியம்.

1999-இல் இணையச் சீட்டாட்டத் தளம் ஒன்றுக்கு இதுதான் நேர்ந்தது. தங்கள் ஆட்டம் எவ்வளவு நேர்மையானது என்று காட்ட, சீட்டைக் கலைக்கும் நிரலை அவர்களே வெளியிட்டிருந்தார்கள். நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி கழிந்திருக்கிறது என்பதே விதை. ஒரு நாளுக்கு 8 கோடியே 64 லட்சம் மில்லி விநாடிகள். 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வழிகளோ 68 இலக்க எண். ஒரு பாதுகாப்பு நிறுவனத்தின் நிரலாளர்கள் தங்கள் கடிகாரத்தைத் தளத்தின் கடிகாரத்தோடு ஒத்துவைத்து, விதைகளை ஏறக்குறைய இரண்டு லட்சமாகக் குறைத்து, கையிலும் மேசையிலும் உள்ள சில சீட்டுகளைக் கொண்டே மற்றவர்களின் சீட்டைச் சொல்லிவிட்டார்கள். தேர்வு தொடங்கும் நேரத்தையோ பதிவெண்ணையோ விதையாக வைக்கும் மென்பொருளுக்கும் இதே கதிதான் நேரும். பதிவெண் நுழைவுச்சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது.

இனி முதல் வேலையான பொறுக்கலுக்கு வருவோம். வினா வங்கியில் ஒவ்வொரு வினாவுக்கும் அடையாளங்கள் உண்டு: எந்தப் பாடம், எந்த அலகு, எத்தனை மதிப்பெண். தன்னாட்சிக் கல்லூரித் தாள்களில் வினாவின் ஓரத்தில் 'கே1', 'கே2' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்திருக்கலாம். பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956-இல் வகுத்த சிந்தனைப் படிநிலைகளின் பேரப்பிள்ளை அது. நினைவுகூர்தல் கீழ்ப்படி, புரிதல் அடுத்தது, அப்படியே மேலே. இந்த அலகிலிருந்து இத்தனை, இந்தப் படியில் இத்தனை என்று புளூபிரிண்ட் சொல்லும். உத்திரமேரூர்க் கல்வெட்டு காட்டும் குடவோலை முறையில் நிலம், வயது, கல்வி என்று தகுதியை வடிகட்டி, குடும்புவாரியாகப் பிரித்த பிறகுதான் ஓலைகள் குடத்துக்குப் போயின. மென்பொருளும் அப்படியே ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் குடம் வைத்து உள்ளே கைவிடுகிறது.

சிறு தேர்வுகளுக்கு அது போதும். வினாக்களின் கடினமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றால் போதாது. டென்மார்க்கின் கணிதவியலர் கேயார்க் ராஷ் 1960-இல் வெளியிட்ட முறையில், மாணவரின் திறனும் வினாவின் கடினமும் ஒரே அளவுகோலில் வைக்கப்படுகின்றன. இரண்டும் சமமானால் சரியாகப் பதில் சொல்ல 50 விழுக்காடு வாய்ப்பு. திறன் ஓர் அலகு கூடினால் 73 விழுக்காடு. கடினத்தைக் குறிக்கும் எண் ஒவ்வொரு வினாவுக்கும் கையில் இருந்தால், தாள் தயாரிப்பது ஒரு கணிதப் புதிராகிவிடும். எடுத்தால் 1, விட்டால் 0 என்று வினாக்கள் எல்லாவற்றுக்கும் ஓர் எண் கொடு. அலகுவாரி எண்ணிக்கை, மொத்த நேரம், கடினம் எல்லாம் சமன்பாடுகள். அவை அனைத்தையும் நிறைவேற்றும் 1-0 வரிசையைத் தேடு. நெதர்லாந்தின் விம் வான் டெர் லிண்டன் இந்தத் துறைக்கு 2005-இல் ஒரு முழு நூலே எழுதினார். விமானப் பணியாளர் அட்டவணை போடும் அதே வகைக் கணிதம்தான் இங்கும் ஓடுகிறது.

அந்தச் சமன்பாடுகளில் எனக்குப் பிடித்தது பகை வினாக்களைப் பற்றியது. '1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுத் தலைவர் யார்?' என்று 12-ஆம் வினா கேட்கிறது. 57-ஆம் வினா, 'இந்திய அரசியலமைப்பு எந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது?' இரண்டும் தனித்தனியே நல்ல வினாக்கள், ஒரே தாளில் வந்தால் ஒன்று மற்றொன்றுக்கு பிட் கொடுக்கிறது. இந்த இணையில் அதிகபட்சம் ஒன்று என்று ஒரு விதி எழுதினால் தீர்ந்தது. ஆனால் யார் யாருக்குப் பகை என்பதை யாராவது ஒருவர் வங்கி முழுவதையும் படித்துக் குறித்துவைத்திருக்க வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் நடப்பதில்லை.

வங்கியின் அளவைப் பற்றி ஒரு மாயை உண்டு. 200 வினாக்களிலிருந்து பத்தை எடுக்க எத்தனை வழி என்று கேட்டால் விடை 17 இலக்க எண். உலகத்தில் யாருக்கும் ஒரே தாள் வராது என்று மென்பொருள் விற்பவர் மார்தட்டலாம். தாள்கள் கணக்கில் அடங்காதவைதான். வினாக்கள் 200 மட்டுமே. 40 வினா வங்கியிலிருந்து ஆளுக்கு 20 எடுத்தால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவருக்கும் சராசரியாகப் பத்து வினாக்கள் பொது. 300 வினா வங்கியில் ஆளுக்கு 30 வீதம் கொடுத்து, தேர்வைப் பல நாட்கள் நடத்தினால்? ஒரு வினா ஒருவர் கண்ணில் படாமல் தப்ப 0.9 வாய்ப்பு. 22 பேர் எழுதி முடித்து வெளியே வந்து தேநீர்க் கடையில் நினைவுகளைச் சேர்த்தால் வங்கியில் 90 விழுக்காடு வெளியே வந்துவிடும். 44 பேர் என்றால் 99 விழுக்காடு.

அமெரிக்காவில் இது நடந்தே விட்டது. 1990-களின் தொடக்கத்தில் ஜிஆர்இ தேர்வு கணினிக்கு மாறியது. ஒவ்வொரு விடையையும் பார்த்து அடுத்த வினாவைப் பொறுக்கும் தகவமைப்புத் தேர்வு அது. 1994-இல் கேப்ளான் என்ற பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களையே தேர்வெழுத அனுப்பியது. அவர்கள் மனப்பாடம் செய்து வந்ததை வைத்து, வங்கி எவ்வளவு சின்னது என்று நிரூபித்தது. தேர்வை நடத்திய இடிஎஸ் வழக்குத் தொடுத்தது. பொறுக்கும் விதி மிகக் கறாராக இருந்ததும் ஒரு காரணம்: அந்தந்தத் திறனுக்கு மிகப் பொருத்தமான வினா எதுவோ அதையே கணினி திரும்பத் திரும்ப எடுக்கும். நல்ல வினாக்கள் சீக்கிரம் அம்பலமாகும், சுமாரானவை தூங்கும். இதற்கு சிம்ப்சன், ஹெட்டர் என்ற இருவர் 1985-லேயே மருந்து சொல்லியிருந்தார்கள். கணினி ஒரு வினாவைப் பொறுக்கிய பிறகும் உடனே கொடுத்துவிடாதே, ஒரு குலுக்கல் போடு, அதில் வென்றால் கொடு, இல்லையென்றால் அடுத்த வினாவுக்குப் போ. கறாருக்குள் கொஞ்சம் குலுக்கலைக் கலந்தால்தான் கறார் நிலைக்கிறது. பொறுக்குவதற்கும் கலைப்பதற்கும் இடையே நான் மேலே போட்ட கோடு அவ்வளவு நேர்கோடு அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

எல்லாவற்றையும் கலைக்கவும் கூடாது. 'மேற்கண்ட அனைத்தும்' என்ற தெரிவு 'ஏ'க்குப் போனால் அதற்கு மேல் ஒன்றுமே இருக்காது. '(ஏ), (சி) மட்டும் சரி' என்று எழுதிய வினாவைக் கலைத்தால் விடையே மாறிவிடும். 12, 15, 18, 21 போன்ற எண்கள் ஏறுவரிசையில் இருப்பதே எழுதுபவருக்கு வசதி. ஒரு பத்தியைப் படித்து ஐந்து வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும் என்றால் அந்த ஐந்தும் கொத்தாக நகர வேண்டும். பல கல்லூரிகளில் ஓடும் மூடில் மென்பொருளில் ஒரு வினாவுக்கு மட்டும் கலைப்பதை நிறுத்திவைக்க ஒரு பெட்டி இருக்கிறது. அதை டிக் எடுக்க மறந்த தேர்வுகளை மாணவர்கள் மறப்பதில்லை.

வினாக்களின் வரிசையே மதிப்பெண்ணைத் தொடும் என்பதுதான் இதில் கனமான சேதி. அமெரிக்கத் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 1984-க்கும் 1986-க்கும் இடையே குழந்தைகளின் வாசிப்புத் திறன் திடீரெனச் சரிந்ததாகத் தெரிந்தது. இரண்டே ஆண்டில் ஒரு நாடு படிக்க மறந்துவிடுமா என்று தோண்டிப் பார்த்தார்கள். வினாக்கள் வந்த வரிசை, சூழல், நேர ஒதுக்கீடு போன்றவை மாறியிருந்ததே பெருமளவு காரணம் என்று தெரிந்தது. ஆகவே கடினமான கணக்கு ஒருவருக்கு முதல் வினாவாகவும் இன்னொருவருக்கு எண்பதாவதாகவும் வந்தால் அது முற்றிலும் ஒரே தேர்வு என்று சொல்லிவிட முடியாது. பக்கத்து ஆளைப் பார்த்து எழுதுவதைத் தடுக்க நாம் கொடுக்கும் விலை இது. பகுதிக்குள் மட்டும் கலைத்து, எளிதிலிருந்து கடினம் என்ற போக்கைக் காப்பாற்றினால் விலை குறையும்.

கலைத்ததைத் திரும்பச் சேர்க்கவும் தெரிய வேண்டும். ஜேஇஇ மெயின் எழுதியவர்கள் விடைப்பதிவுத் தாளில் ஒவ்வொரு வினாவுக்கும் நீளமான ஓர் அடையாள எண்ணையும், தெரிவுகளுக்குத் தனித்தனி எண்களையும் பார்த்திருப்பார்கள். உங்கள் திரையில் ஏழாவதாக வந்தது இன்னொருவருக்கு இருபதாவது. விடைக்குறிப்பு அந்த அடையாள எண்ணுக்கே கொடுக்கப்படுகிறது. ஒரு வினா தப்பு என்று யாராவது ஆட்சேபித்து வென்றால், அந்த வினா யார் யாருக்கு எந்த இடத்தில் போனாலும் திருத்தம் தேடிப் போய்ச் சேரும். அச்சிட்ட ஏ, பி, சி, டி செட் தாள்களில் இதே வேலையை ஓர் ஒப்பீட்டுப் பட்டியல் செய்கிறது. அதில் ஒரு வரி பிசகினால் 'சி' செட் வாங்கிய அத்தனை பேருக்கும் சேதம்.

ஜேஇஇ மெயினில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல நாள், பல ஷிஃப்ட், ஒவ்வொன்றுக்கும் வேறு வினாக்கள். எவ்வளவு கவனமாகப் பொறுக்கினாலும் இரண்டு தாள்கள் ஒரே எடையில் அமையாது. அதனால் மதிப்பெண்ணை அப்படியே ஒப்பிடாமல், உங்கள் ஷிஃப்டில் உங்களுக்குச் சமமாகவோ கீழாகவோ எடுத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று ஏழு தசம இலக்கம்வரை கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் கெட்டிக்காரரும் சுமாரானவரும் ஒரே விகிதத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். வினாக்களைச் சமமாக்க முடியாத இடத்தில் ஆட்களைக் குலுக்கிவிடுகிறார்கள். விண்ணப்பத்தில் எந்த ஊரில் எழுத விருப்பம் என்று கேட்பார்கள், எந்த ஷிஃப்டில் என்று கேட்பதில்லை.